நான் குறைத்து எழுதிய மழை

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மழைமானி வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் என் படிப்பு இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நான் பேசாத ஆள் என்பதுதான் காரணம்.

சங்கரன்கோவிலில் முப்பது வருடமாக விசைத்தறி ஓட்டுகிறேன். தறிக்கூடத்தில் பேசுவது வீண். பக்கத்தில் நிற்பவர் காதில் கத்தினாலும் அவருக்கு நம் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். அதனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிப் பழகிவிட்டேன். ஆமாம் என்றாலும் ஆட்டல், இல்லை என்றாலும் ஆட்டல். எதிரில் நிற்பவர்கள் தங்களுக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்கள். போன் வந்தால் என் மனைவிதான் பேசுவாள். நான் வீட்டில் இல்லை என்று சொல்லும்படி பக்கத்தில் நின்று கை காட்டுவேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து சிலர் வேனில் வந்தார்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு இளம்பெண். மேடம் என்று கூப்பிட்டோம். இந்தப் பக்கத்தில் எங்கே எவ்வளவு மழை பெய்கிறது, அந்தத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் ஓடைக்கு வருகிறது, ஓடை நிறைந்தால் முதலில் எந்த வீட்டுக்குள் நுழையும் என்று பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு மூன்று மழைக்காலம் அளந்துவிட்டால், பிறகு வெள்ளம் வருவதற்குச் சில மணி நேரம் முன்பே சொல்லிவிடலாமாம்.

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"வெள்ளமா? இங்கனயா? குடிதண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வருது. இவுக வெள்ளத்தத் தேடி வந்துருக்காவ."

"வந்தா நல்லதுதானவே. ரெண்டு குடம் பிடிச்சு வச்சுக்கலாம்."

மானி வைக்க இடம் தேடி மேடம் ஊரெல்லாம் அலைந்தார். மரம் இருக்கக் கூடாது, பக்கத்தில் உயரமான சுவர் இருக்கக் கூடாது, தினமும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு அலுவலக மாடியில் ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மறுபக்கம் உடைந்த நாற்காலிகள் மலை போல. ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் மானிக்குள் கொய்யாக்காயும் இரண்டு சாக்பீஸும் பெய்திருந்தன. பிறகு சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனார்கள்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விவசாயிகள் சங்கம் ஒன்றுக்குத் தலைவர். அதில் அவரையும் அவர் மச்சினரையும் தவிர வேறு யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் லெட்டர்பேடு இருக்கிறது. ஓடைக்கு மேற்கே கரிசலில் நிறைய நிலம். மானியைத் தன் மாடியில் வைக்கலாம், ஆனால் அதில் 'உபயம்' என்று தன் பெயரை எழுத வேண்டும் என்றார். தென்னை மரம் மறைக்கிறது என்று மேடம் தப்பித்துவிட்டார்.

கடைசியில் எங்கள் வீடு. ஊருக்கு ஓரம், மரம் இல்லை, மேலே இன்னொரு மாடி கட்ட வசதியும் இல்லை. "இந்த அண்ணா ரொம்ப அமைதியா இருக்காரு, கரெக்டா எழுதுவாரு" என்று மேடம் என் மனைவியிடம் சொன்னார். அமைதியாக இருப்பவன் சரியாக எழுதுவான் என்பதை எந்த ஆராய்ச்சியில் கண்டுபிடித்தார்கள் என்று கேட்க நினைத்தேன். தலையாட்டிவிட்டேன்.

வேலை கடினமில்லை. காலையில் எட்டரைக்கு மாடிக்குப் போக வேண்டும். மானிக்குள் இருக்கும் தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, குனிந்து கண்ணை நேராக வைத்து, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, போனில் மேடம் வைத்திருக்கும் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஊர்க்காரர்கள் போனுக்கும் அது போகும். பிறகு ஒன்பது மணிக்குத் தறி. மழை பெய்யாத நாளிலும் பூஜ்யம் என்று அனுப்பியாக வேண்டும். தெருவுக்கு இதுதான் பிடிபடவில்லை.

"பெய்யாத மழைய என்னத்தவே அளக்கீரு?" என்பார் எதிர்வீட்டுக்காரர், தினமும், பல் தேய்த்துக்கொண்டே.

நான் இன்னொன்றும் செய்தேன். அதை யாரும் செய்யச் சொல்லவில்லை. தறிக்கூடத்தில் நெய்த அளவை மேஸ்திரி நோட்டில் எழுதுவார். நாங்கள் அவர் நோட்டை நம்புவதில்லை. அவரவர் தறிக்குப் பின்னால் இருக்கும் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்துக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில், மாடிப்படிச் சுவரிலும் அன்றன்றைய மழையை எழுதிவிட்டுத்தான் இறங்குவேன். போனில் போவது மேடத்துக்கு. சுவரில் இருப்பது எனக்கு.

மேடம் மாதம் ஒருமுறை வருவார். ஒருநாள் மாடியில் நின்று மேற்கே பார்த்து எனக்கு விளக்கினார். மழை எவ்வளவு பெய்கிறது என்பது பாதிக் கதைதானாம். அதற்கு முந்தின நாட்களில் மண் எவ்வளவு குடித்திருக்கிறது என்பது மீதிக் கதை. காய்ந்து வெடித்துக் கிடக்கும் கரிசலில் பெரிய மழை பெய்தாலும் வெடிப்புக்குள் போய்விடும், ஓடைக்கு அவ்வளவாக வராது. குடித்து நிறைந்த கரிசலில் அதில் பாதி பெய்தாலும் போதும், அப்படியே வழிந்து ஓடைக்கு வந்துவிடும்.

எனக்கு இது நன்றாகப் புரிந்தது. நான் அவரிடம் பேசிய முதல் முழு வாக்கியமும் அதுதான்.

"தறியில ஏத்துத பாவு நூலுக்குக் கஞ்சி போடுத மாதிரி மேடம். காஞ்ச நூலு எவ்வளவு ஊத்தினாலும் குடிக்கும். குடிச்சு முடிச்சப் பொறவு ஊத்துதது பூரா தரையிலதான் ஓடும்."

மேடம் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு ஒரு வாரம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு இருந்திருக்கலாம்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் நிலம் சரிகிறது. சரிவின் அடியில் ஓடை. ஓடையை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். கீழ வரிசை என்போம். குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால், அந்த உபரித் தண்ணீரும் மேற்குக் கரிசலில் இருந்து வரும் தண்ணீரும் சேர்ந்து அந்த ஓடையில்தான் போக வேண்டும். ஆனால் வெகுகாலமாக ஓடை நிறைந்து ஓடியதை யாரும் பார்த்ததில்லை. அதனால் அது ஓடை என்பதை மறந்து, ஓரத்தில் கொஞ்சம் மண் போட்டு வீடு, இன்னும் கொஞ்சம் மண் போட்டு மாட்டுக்கொட்டகை, மீதி இருந்ததில் குப்பை என்று நிரப்பிவிட்டார்கள். கடைசி வீடு, எல்லாவற்றிலும் தாழ்ந்த வீடு, என் அக்காவுடையது. அத்தான் இறந்த பிறகு ஆறு ஆடுகளோடு தனியாக இருக்கிறாள். முழங்கால் வலி. ஓடைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து மக்காச்சோளம் போடுகிறாள். வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட பேச்சு முழுவதையும் எனக்கு முன்னால் பிறந்து அவளே எடுத்துக்கொண்டாள்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் வெள்ள விழிப்புணர்வுக் கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். அந்த முதல் கூட்டம் மழை காரணமாக ஒத்திவைக்கப்பட்டது. இரண்டாவது முறை நல்ல வெயிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் இருந்தவர்களுக்குச் சால்வை, கீழே இருந்தவர்களுக்குச் சமோசா. பேசியவர்கள் எல்லோரும் வெள்ளத்தை ஒரு விருந்தாளி போல வரவேற்றுப் பேசினார்கள். சிலர் வாளிகளை எடுத்துக்கொண்டும் இரண்டு பேர் ஒருவரை ஸ்டிரெச்சரில் தூக்கிக்கொண்டும் மண்டபத்தைச் சுற்றி ஓடிக் காட்டினார்கள். வாளி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கடைசியாக மேடம் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஓடை நிறைந்தால் தண்ணீர் நுழையும் வீடுகளுக்கு நீல வண்ணம், எங்கள் பேச்சில் ஊதா. எவ்வளவு ஆழமோ அவ்வளவு அடர்த்தி. கீழ வரிசைக் கடைசியில் ஒரு கட்டம் கிட்டத்தட்ட கறுப்பாகவே இருந்தது.

"ஏலே, என் வீட்டுக்கு மட்டும் ஏன் இம்புட்டு ஊதா பூசியிருக்காவ?" என்றாள் அக்கா. "பெயிண்ட் அடிச்சுத் தரப் போறாவளோ?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. ஆனால் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது. குருத்தெல்லாம் சல்லடை. சங்கத் தலைவர் தன் லெட்டர்பேடை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ போய்வந்து, ஒரு செய்தி கொண்டுவந்தார். புழு தின்றால் இன்சூரன்ஸ் கிடையாது, மழை பெய்யாமல் போனால் உண்டு. ஆகவே மழை பெய்யாமல் போயாக வேண்டும். மழையோ தினமும் பெய்துகொண்டிருந்தது. இதற்கு அவர் கண்டுபிடித்த வழி என் மொட்டைமாடி.

ஒரு காலையில் நேராக மாடிக்கே ஏறி வந்துவிட்டார். நான் குவளையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்திருந்தேன்.

"எவ்வளவுவே?"

"இருபத்திரெண்டு."

"அதெல்லாம் வேண்டாம். ஒம்பதுன்னு போடும்."

நான் குவளையைப் பார்த்தேன்.

"என்ன பாக்கீரு? தண்ணி கோவிச்சுக்கிடுமா? இந்த மானியில என்ன இருக்கோ அதத்தான் இன்சூரன்ஸ்காரன் எடுத்துக்கிடுவான். நீரு இருபத்திரெண்டுன்னு போட்டா இந்த ஊரே செழிப்பா இருக்குன்னு ஆயிரும். நாங்க புழுவக் கட்டி அழ வேண்டியதுதான். உமக்கு நிலம் கிடையாது. எங்க வயித்தெரிச்சல் உமக்கு எங்க தெரியும்."

நான் தலையை ஆட்டினேன். முடியாது என்றுதான் ஆட்டினேன். அவர் என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் அக்கா ஒரு தூக்கில் மொச்சைக் குழம்போடு வந்தாள். அவள் எனக்குக் குழம்பு கொண்டுவந்து வெகுநாளாகிறது.

"தலைவர் சொன்னாரு. நீ சரின்னுட்டியாமே."

"நான் எங்க சரின்னேன்?"

"சும்மா கெட. என் சோளம் பூரா போச்சு. ரெண்டு மழைய முழுங்கினா உனக்கு வயித்த வலிக்குமா?"

மறுநாள் பதினெட்டு இருந்தது. எட்டு என்று அனுப்பினேன். அனுப்புவதற்குள் இரண்டு முறை அழித்து எழுதினேன். நாலாம் நாள் அது பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது. வானம் தவறாமல் பெய்தது, தவறியவன் நான்தான். இரண்டு வாரம் இப்படி. படிச்சுவரில் மட்டும் உண்மையை எழுதினேன். யோக்கியன் என்பதால் அல்ல, பழக்கம்.

இதற்கு நடுவில் குளத்துப் பாசனத்தில் நெல் போட்டிருந்த ஒருவர் வந்து, அவர் வயலில் தண்ணீர் தேங்கிவிட்டதாகவும் அதனால் கொஞ்சம் கூட்டி எழுதும்படியும் கேட்டார். ஒரே மழைக்கு இரண்டு மனு. இவருக்கும் தலையாட்டினேன். இந்த ஊரில் எனக்கு இவ்வளவு மரியாதை இதற்கு முன்பு இருந்ததே இல்லை. மழைக்குப் பொறுப்பான தேவதை மாடியில் குடியிருப்பது போல ஆட்கள் ஏறி இறங்கினார்கள்.

மேடம் ஒருநாள் போன் செய்தார். வழக்கம்போல என் மனைவி எடுத்து, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, புளியங்குடிப் பக்கம் நல்ல மழை, கரிவலம் பக்கமும் நல்ல மழை. உங்க இடத்துல மட்டும் கம்மியா இருக்கு. மானியில இலை கிலை அடைச்சிருக்கான்னு அண்ணனைப் பார்க்கச் சொல்றீங்களா?"

நான் கையை ஆட்டினேன்.

"அடைப்பு ஒண்ணும் இல்லயாம் மேடம்" என்று சொல்லிப் போனை வைத்தாள் மனைவி. பிறகு என்னைப் பார்த்து, "மானி நல்லாத்தான் இருக்கு. மனுசன்தான் அடச்சுக் கெடக்கு" என்றாள்.

கார்த்திகையில் ஒரு காலை. வானம் விடியவே இல்லை என்பது போல இருந்தது. பெரிய மழை வருகிறது என்று எல்லாப் போனிலும் செய்தி. மேடம் எங்கள் குழுவுக்கும் கீழ வரிசைக்காரர்களுக்கும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பவன். ஆனால் அதை இரண்டாம் முறை படிக்கத் தேவைப்படவில்லை. இன்றைக்கு மேற்குப் பகுதியில் கனமழை பெய்யும், ஆனாலும் பதிவான அளவின்படி மண் இன்னும் காய்ந்தே இருப்பதால் தண்ணீரின் பெரும்பகுதியை மண் குடித்துவிடும், கீழ வரிசைக்கு ஆபத்து இருக்காது என்று இருந்தது.

மண் காய்ந்திருக்கிறது என்று அவருக்குச் சொன்னவன் நான். மாடியிலிருந்து மேற்கே பார்த்தேன். கரிசல் கறுத்து மினுமினுத்தது. முந்தின நாள் போன டிராக்டரின் தடத்தில் தண்ணீர் வற்றாமல் நின்றது. குடித்து முடித்த பாவு. இனி ஊற்றுவது தரையில் ஓடும். தரை என்றால், சரிவுக்குக் கீழே, ஊதா பூசிய அந்தக் கடைசி வீடு.

போனை மனைவியிடம் நீட்டினேன்.

"மேடத்துகிட்ட நீ சொல்லு."

"நான் எதுக்குச் சொல்லணும்? எழுதினது நீங்கதானே. இன்னிக்கு நீங்க வீட்லதான் இருக்கீங்க."

நானே பேசினேன். எனக்கு அது ஒரு பாவு முழுவதும் நெய்த அசதி.

"மேடம், மண்ணு காயல. நான் குறைச்சு எழுதிட்டேன்."

மேடம் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எவ்வளவு நாளாண்ணா?"

"ரெண்டு வாரம். பாதிக்கு மேல குறைச்சுட்டேன்."

"நிஜமான அளவு எங்கயாவது இருக்கா?"

"சுவத்துல இருக்கு."

"எந்தச் சுவத்துல?"

"மாடிப்படிச் சுவத்துல. தறியில எழுதுத மாதிரி."

"போட்டோ எடுத்து உடனே அனுப்புங்க. வேற எதுவும் செய்ய வேண்டாம். அண்ணா, எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?"

"இன்சூரன்ஸு கிடைக்கும்னாங்க மேடம்."

"இன்சூரன்ஸுக்கும் நம்ம மானிக்கும் சம்பந்தமே இல்லையே. அது வேற மானி, வேற ஆபீஸ். இந்த அளவை அவங்க பார்க்கிறதே இல்ல. யார் சொன்னா உங்களுக்கு?"

இரண்டு வாரம் ஒரு ஊர் கூடி, படி ஏறி, குழம்பு கொடுத்து, மழையைக் குறைத்திருக்கிறோம், ஒரு பைசாவுக்கும் பயன் இல்லாமல். என்னிடம் கேட்டதற்குப் பதில் சங்கத் தலைவர் மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். கேட்பது எங்களில் யாருக்கும் வழக்கமில்லை.

சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. மேடம் வேகமாகப் பேசினார். திருத்திப் பார்த்ததில், மேற்கே பெய்யப்போகும் மழையில் பாதி வந்தாலே சாயங்காலத்துக்குள் ஓடை கரை தாண்டும். கீழ வரிசை பொழுது சாய்வதற்குள் காலியாக வேண்டும்.

"நான் அதிகாரிகள்கிட்ட சொல்றேன். அவங்க வண்டி வர்றதுக்கு நேரமாகும். நீங்க இப்பவே போய்ச் சொல்லுங்கண்ணா."

நான் கூப்பிடாமல் ஒரு வீட்டுக்குள் போனதில்லை. கூப்பிட்டாலும் வாசலில் நின்றுதான் பேசுவேன். தூறலில் சரிவில் இறங்கினேன். முனை டீக்கடையில் கீழ வரிசைக்காரர்கள் சிலர் நின்றார்கள். நடுவில் குடையோடு சங்கத் தலைவர்.

"தண்ணி வரப் போவுது" என்றேன். "எல்லாரும் மேல வந்துருங்க."

முதலில் யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருவே சொன்னா?" என்றார் தலைவர். போனை எடுத்துக் காட்டினார். "இந்தா பாரும். கீழ வரிசைக்கு ஆபத்து இல்லன்னு போட்டுருக்கு. படிச்சவங்க சும்மா போடுவாங்களா? ஆராய்ச்சி பண்ணிப் போட்டுருக்காவ."

இத்தனை நாளும் அந்த ஆராய்ச்சியைப் பார்த்துச் சிரித்தவர், அது தப்பாகிப்போன அன்றைக்கு முதல்முறையாக நம்பினார்.

"அது நான் எழுதின பொய்ய வச்சுப் போட்டது" என்றேன். "இப்ப மாத்திட்டாங்க."

"என்ன பொய்யி?"

"நீங்க எழுதச் சொன்ன பொய்யி."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றது.

"நான் எங்கவே பொய் எழுதச் சொன்னேன்?" என்றார் தலைவர். "கொஞ்சம் பாத்து எழுதும்னுதான சொன்னேன். உமக்குப் பாக்கத் தெரியலன்னா நானா பொறுப்பு?"

"நேத்து ரெண்டு மில்லின்னு நீருதான போட்டீரு" என்றார் இன்னொருவர். "ரெண்டு மில்லியில எங்கருந்துவே வெள்ளம் வரும்? எறும்பு கூட முங்காது."

அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இருந்தது. நான் தினமும் அனுப்பிய பொய்யை அவர்கள் நம்பியிருந்தார்கள்; இன்றைக்கு உண்மையைச் சொன்னால் அது பழைய பொய்யோடு ஒத்துப்போகவில்லை. அதற்கு மேல் அங்கே நிற்காமல் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அவள் அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்போடு உள்ளே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், போட்டோ, காயாத மண், ஊதாக் கட்டம், இன்சூரன்ஸ் மானி வேறு என்பது. ஆட்டை அவிழ்க்க வேண்டும், அரிசியைத் தூக்க வேண்டும், பத்திரத்தை எடுக்க வேண்டும் என்று நிறுத்தாமல் சொன்னேன். மூச்சு வாங்கியது.

அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நீ என்னைக்குலே இம்புட்டுப் பேசின?"

"பேசிக்கிட்டு இருக்க நேரம் இல்லக்கா."

"கல்யாணத்தன்னிக்குக் கூட நாலு வார்த்த பேசல. அம்மா செத்தன்னிக்கும் பேசல." சுவரைப் பிடித்து எழுந்தாள். "நீ இம்புட்டுப் பேசுதன்னா தண்ணி வரத்தான் செய்யும்."

மானி, வரைபடம், மண், கணக்கு எல்லாம் சேர்ந்து செய்யாததை என் பேச்சு செய்தது. அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. அவள் வாசலில் போய் நின்று வரிசை முழுவதும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"ஏட்டி, சோத்த வடிச்சது போதும், பாயச் சுருட்டு. ஏ மக்கா, டிவியத் தூக்கிப் பரண்ல வையி. என் தம்பி ஊமையன் வாயத் தொறந்துட்டான், இனிமே இங்கன இருக்கக் கூடாது. ஆச்சரியமா இருந்தா மேல வந்து ஆச்சரியப்படு. முதல்ல மாட்ட அவுத்து விடு."

தலைவர் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும்படி அவள் விடவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குள் மேற்குப் பக்கம் கறுத்துக் கொட்டத் தொடங்கியது. அதற்குள் வரிசையில் பாதிப் பேர் மேலே இருந்த பள்ளிக்கூடத்துக்கும் மீதிப் பேர் எங்கள் தெரு வீடுகளுக்கும் வந்துவிட்டார்கள். என் வீட்டுக் கூடத்தில் ஆறு ஆடுகள்.

மூன்றரைக்கு ஒலிபெருக்கி வண்டி வந்தது. பொதுமக்கள் உடனடியாகப் பாதுகாப்பான இடங்களுக்கு வெளியேறும்படி காலியான வீடுகளை நோக்கிக் கேட்டுக்கொண்டது. திரும்பும்போது சரிவில் சக்கரம் புதைந்துவிட்டது. கீழ வரிசைக்காரர்கள் இறங்கிப் போய் அதைத் தள்ளி மேலே கொண்டுவந்தார்கள். அவ்வளவு நேரமும் வண்டி அறிவிப்பை நிறுத்தவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஓடை வந்தது. வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அது தன் இடத்துக்கு வந்தது. முதலில் குப்பை மிதந்தது, பிறகு கொட்டகைக் கூரைகள், பிறகு சத்தம். பள்ளிக்கூட வராந்தாவிலிருந்து எல்லோரும் பார்த்தோம். அக்கா வீட்டில் ஜன்னலுக்கு மேலே தண்ணீர். மேடத்தின் வரைபடத்தில் எந்தக் கட்டம் எவ்வளவு ஊதாவோ அவ்வளவு ஆழம், கையால் பூசினது மாதிரி. யாரும் சிரிக்கவில்லை. ஒரு உயிரும் போகவில்லை. அக்காவின் கிரைண்டரும் பீரோவும் போயின. மேற்கே அவளுடைய மக்காச்சோளத்தைப் புழுவோடு சேர்த்துத் தண்ணீர் கொண்டுபோனது.

ராத்திரி அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ அந்தச் சுவத்துலயும் எட்டுன்னே எழுதியிருந்தா?"

நான் எழுந்துபோய்க் கூடத்தில் நின்ற ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்தேன்.

மறுநாள் எட்டரைக்கு மாடிக்குப் போனேன். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறி வந்தாள். மானி நிறைந்திருந்தது. குவளையில் ஊற்றி ஊற்றி அளக்க வேண்டியிருந்தது. அவளும் பக்கத்தில் குனிந்து, கண்ணை நேராக வைத்து, ஒவ்வொரு குவளையாகப் பார்த்தாள்.

கீழே தெருவில் குடை வந்து நின்றது.

"தம்பி" என்றார் சங்கத் தலைவர். இதற்கு முன்பு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. "இன்னிக்கு எவ்வளவு? வெள்ள நிவாரணம் எழுதப் போறாவ. பாத்து, கொஞ்சம் கூட்டிப் போடும்."

நான் தலையை ஆட்டுவதற்குள் அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, கூட்டுததுக்கு நீங்க ஏன் மாடியப் பாக்கணும்? உங்க நெலத்துத் தண்ணி பூரா என் வீட்டுக்குள்ளதான் நிக்கி. இறங்கிப் போயி நீங்களே அளந்துட்டு வாங்க. எவ்வளவு சொன்னாலும் எழுதிக்கிடுதோம்."

குடை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

நான் குவளையில் இருந்ததை அப்படியே போனில் போட்டு அனுப்பினேன். மேடத்திடமிருந்து நன்றி என்று உடனே பதில் வந்தது. இறங்கும்போது பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். படிச்சுவரில் அதே எண்ணை எழுதப்போய், போனிலும் இதுதானே போயிருக்கிறது, இனி எதற்கு என்று மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டேன்.